மார்ட்லேக் கல் கூடாரம்: பர்ட்டன் கல்லறையின் கல்வேலை பற்றிப் பேசலாமா?

மழைக்கோட்டுக்காரன் | சனி, இரவு 10.15

வணக்கம். இன்று மார்ட்லேக் போய் வந்தேன். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ரயில் பாதையை ஒட்டியே மேரி மகதலேன் கத்தோலிக்கத் தேவாலயம், 1852ல் கட்டியது. பக்கவாட்டில் நுழைந்தால் சாதாரணக் கல்லறைத் தோட்டம்தான். சிலுவை, தேவதூதர், சாய்ந்த பலகைக் கல், எல்லாம் வழக்கம்போல. அவற்றுக்கு நடுவே ஒரு கூடாரம் நிற்கிறது. 12 அடிக்கு 12 அடி சதுரம், 18 அடி உயரம். தூரத்திலிருந்து யாரோ முகாம் போட்ட மாதிரி இருக்கிறது. கிட்டே போய்த் தொட்டால்தான் கல் என்று தெரிகிறது.

ரிச்சர்ட் பர்ட்டனும் அவர் மனைவி ஐசபெல்லும் இதற்குள் இருக்கிறார்கள். 1853ல் வேடமிட்டு மக்கா போனவர், 1858ல் டாங்கனிக்கா ஏரியைப் பார்த்தவர், ஆயிரத்தொரு இரவுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், அதே பர்ட்டன்தான். 1890 அக்டோபர் 20ல் இன்றைய இத்தாலியில் இருக்கும் திரியெஸ்தே நகரில் இறந்தார், அங்கே தூதரக அதிகாரியாக இருந்தபோது. 1891 ஜூன் 15ல்தான் இந்தக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து ஐசபெல்லும் வந்து சேர்ந்தார். வடிவமைப்பும் அவருடையதே.

ஆளைப் பற்றி ஊர்பட்டதை எழுதியாயிற்று. எனக்கு வேலைப்பாட்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கல்லில் துணி மடிப்பை இப்படி எப்படிக் கொண்டுவந்தார்கள்? சுவர் முழுக்க மேலிருந்து கீழ்வரை மெல்லிய அலை அலையாய் இறங்குகிறது. கூரை நடுவில் கொஞ்சம் தொய்ந்து, பிறகு முகட்டுக்கு ஏறுகிறது. இழுத்துக் கட்டிய துணிக்கு வரும் அதே தொய்வு.

பின்பக்கம் இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். ஏறினால் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வழியே உள்ளே பார்க்கலாம். நானும் ஏறினேன், கண்ணாடியில் என் முகமும் வானமும்தான் தெரிந்தன.


சும்மா ஒருவன் | சனி, இரவு 10.40

படம் தேடிப் பார்த்தேன். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு கல்யாண மண்டப ஷாமியானா ஞாபகம்தான் வந்துச்சு. வாசலுக்கு மேல சிலுவையில் இயேசு, அதே சுவர்ல பிறையும் நட்சத்திரமும் வரிசையா தங்க முலாம். எது வேணும்னு அந்த அம்மாவுக்கே தெளிவில்லைபோல.


உளிச்சத்தம் | ஞாயிறு, காலை 6.05

நான் மாமல்லபுரத்தில் முப்பது வருஷம் கல்லடித்தவன். இப்போது கை நடுங்குகிறது, அதனால் வாய்தான் வேலை செய்கிறது.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்துக் கல்லறைக் கல்தச்சர்களுக்குத் துணி செதுக்குவது தினசரி வேலை. விக்டோரியா காலத்துக் கல்லறைத் தோட்டம் எதற்குள் போனாலும் ஒரு தூண், அதன்மேல் ஒரு கலசம், கலசத்தின்மேல் பாதி மூடிய துணி, இப்படி நாலு கட்டாயம் நிற்கும். சாவின் திரை என்று பொருள் சொல்வார்கள். மூட்டை மூட்டையாய்ச் செய்திருக்கிறார்கள். ஆகவே மடிப்பு விழும் விதம் அவர்கள் கைக்குப் பழக்கம்.

ஆனால் கலசத்துத் துணி சுலபம். ஏன் என்று கேளுங்கள். உள்ளே ஒரு உருண்டை இருக்கிறது, துணி அதன்மேல் விழுகிறது. எங்கே இறுகும், எங்கே தொங்கும் என்பதை அந்த உருண்டையே சொல்லிவிடும். இந்தக் கூடாரத்தில் உள்ளே எதுவும் இல்லை. மேலே முகட்டிலும் கீழே தரையிலும் மட்டும்தான் பிடிப்பு. நடுவில் துணி தன் போக்கில் தொங்க வேண்டும். அந்த மாதிரி மடிப்பைக் கொஞ்சம் ஆழமாய் வெட்டினால் தகர ஷீட் மாதிரி ஆகிவிடும், லேசாய் வெட்டினால் வெறும் சுவர். படத்தில் பார்த்த அளவில் சொல்கிறேன், ஆழத்தை நன்றாக அளந்திருக்கிறார்கள். புடவைக் கொசுவம்போல ஒரே அகலத்தில் அடுக்கவில்லை. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். காற்று லேசாய் அடிக்கிற கூடாரத்துக்கு அப்படித்தான் விழும்.

அது ஒரே கல்லும் இல்லை. 18 அடிக்கு ஒரே கல்லை யார் தூக்குவது? கல் கல்லாய் அடுக்கிய கட்டடம். ஒரு கல்லில் தொடங்கிய மடிப்பு அடுத்த கல்லில் நூல் பிசகாமல் தொடர வேண்டும். அரை விரல் தள்ளிப் போனாலும் கண் பிடித்துவிடும். அந்தக் காலத்தில் துத்தநாகத் தகட்டில் அச்சு வெட்டி, கல்லின் முகத்தில் வைத்துக் கோடு போடுவார்கள். அடுக்கும்போது மேலே கொஞ்சம் சதை விட்டு வைத்து, எல்லாம் ஏறிய பிறகு நின்ற இடத்திலேயே கடைசித் தீட்டல் செய்வதும் உண்டு. நாங்களும் கோபுர வேலையில் அப்படிச் செய்வதுண்டு.


மழைக்கோட்டுக்காரன் | ஞாயிறு, காலை 8.30

ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். கல் என்ன கல் என்று ஐசபெல்லே எழுதி வைத்திருக்கிறார்: டீன் காட்டுக் கருங்கல் நிறத்து மணற்கல், கூடவே இத்தாலியின் கராரா வெள்ளைப் பளிங்கு. சிலுவை உருவம் பளிங்கு. முகப்பில் திறந்த புத்தக வடிவில் ஒரு பளிங்குக் கல்வெட்டும் இருக்கிறது, அதில் ஜஸ்டின் ஹன்ட்லி மெக்கார்த்தி எழுதிய கவிதை. பர்ட்டனை ஆங்கிலச் சிப்பாய் என்றும் அரபு ஷேக் என்றும் ஒரே வரியில் அழைக்கிறது.


உளிச்சத்தம் | ஞாயிறு, காலை 9.10

டீன் காட்டு மணற்கல்லா! அப்படியென்றால் என் மதிப்பு இன்னும் ஏறுகிறது. குளோஸ்டர்ஷயர் பக்கத்துக் கல். ஒரு ஆங்கிலேயச் சிற்பி எங்கள் பட்டறைக்கு வந்தபோது ஒரு துண்டு கொண்டுவந்து காட்டினார். நெருக்கமான மணி, உளிமுனையைச் சாப்பிடும். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கினால் வெண்ணெய் மாதிரி வரும், இதில் வராது. துணியின் மென்மையைக் காட்ட அடங்காத கல்லைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதனால்தான் 130 வருஷம் தாண்டியும் மடிப்பு மழுங்காமல் நிற்கிறது.

நம்மூரில் இதற்கு ஒரு அக்கா இருக்கிறாள். திரௌபதி ரதம். ஓலைக் குடிசையை ஒரே பாறையில் குடைந்த பல்லவன் வேலை. மண்ணோடு போகிற பொருளைப் போகாத பொருளில் செய்து வைக்கும் ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது.


பாலைவனக் கணக்கர் | ஞாயிறு, மதியம் 1.20

குவைத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு சின்னக் குறுக்கீடு. எல்லா இடத்திலும் இதை ‘பதூவின் கூடாரம்’, அதாவது பாலைவன நாடோடி அரபியின் கூடாரம், என்று போடுகிறார்கள். பதூக்களின் கூடாரம் இப்படி இருக்காது. அது ஆட்டுமயிரில் நெய்த கறுப்புத் துணி, தாழ்வாக, நீளமாக, தரையோடு தரையாய்ப் படுத்திருக்கும். உள்ளே போகக் குனிய வேண்டும். இங்கே சதுரமாகச் சுவர் நின்று, மேலே கூம்பாகக் கூரை எழுகிறது. வசதியுள்ள பயணிகளும் படை அதிகாரிகளும் அடித்துத் தங்கிய கூடாரத்தின் சாயல்.

குறையாகச் சொல்லவில்லை. 1869 முதல் 1871 வரை பர்ட்டன் டமாஸ்கஸில் தூதரக அதிகாரி. அந்த இரண்டு வருடமும் இருவரும் சிரியாவைச் சுற்றியவர்கள். ஐசபெல் கண்ணில் நின்றது அவர்கள் தங்கிய கூடாரம்தான். பதூவின் கூடாரத்தைக் காட்டுவதாக அவர் நினைத்திருக்க வேண்டியதில்லை. தன் வீட்டைக் கல்லில் கட்டியிருக்கிறார்.


முல்லைக்கொடி | ஞாயிறு, மாலை 4.00

கணக்கர் சார், கடைசி வரி அருமை.

சும்மா ஒருவன் தம்பிக்கு ஒன்று சொல்லணும். ‘அந்த அம்மாவுக்குத் தெளிவில்லை’ன்னு லேசா எழுதிட்டீங்க. கணவர் செத்ததும் அவங்க வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துல (நாட்டுப் பெரியவங்களை அடக்கம் செய்யற லண்டன் தேவாலயம்) இடம் கேட்டாங்க, கிடைக்கல. ஆப்பிரிக்கப் பயணி லிவிங்ஸ்டன் 1874லிருந்து அங்கே இருக்கார். அதே ஆப்பிரிக்காவுக்கு நடந்த இன்னொருத்தருக்கு இடமில்லை. கையில பெரிய பணமும் இல்லை. அரசு கொடுத்த ஓய்வூதியம் வருஷத்துக்கு 150 பவுண்டு. பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டித்தான் இதைக் கட்டினாங்க. மடத்துக்குள்ள தரையில ஒரு பலகைக்கல் கிடைச்சிருந்தா, இன்னைக்கு அதை மிதிச்சுட்டுப் போவோம். இடம் கிடைக்காததால ஒரு கூடாரம் கிடைச்சிருக்கு.


சும்மா ஒருவன் | ஞாயிறு, மாலை 4.45

அக்கா, கோச்சுக்காதீங்க. ஆனா அதே அம்மாதான் அவர் கடைசியா எழுதிட்டிருந்த மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை நெருப்புல போட்டாங்க. 6000 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) தர்றேன்னு ஆள் வந்தும் கொளுத்தினாங்க. அவர் எந்த மதத்துக்குள்ளயும் அடங்காத ஆளு. உயிர் போன பிறகு (போகலைன்னு அவங்க சொன்னாங்க) பாதிரியாரைக் கூப்பிட்டு கத்தோலிக்கச் சடங்கு செஞ்சாங்க. பர்ட்டனோட தங்கை மகளே இதை எதிர்த்து 1896ல புத்தகம் போட்டாங்க. கூடாரமும் அதே கதைதான். மனுஷனைப் பிடிச்சு சிலுவைக்குக் கீழ கட்டிப் போட்ட மாதிரி.


முல்லைக்கொடி | ஞாயிறு, மாலை 5.10

எரிச்சதை நான் நியாயப்படுத்த மாட்டேன். படிக்கிறவ எவளும் மாட்டா. ஆனா எரிச்சதையும் கட்டினதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரு கூடாரத்துல பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கணும்னு அவரே ஆசைப்பட்டதா ஐசபெல் எழுதியிருக்காங்க.


சும்மா ஒருவன் | ஞாயிறு, மாலை 5.12

சாட்சி அவங்க ஒருத்தர்தானே :)


முல்லைக்கொடி | ஞாயிறு, மாலை 5.20

புருஷன் பெண்டாட்டிகிட்ட படுக்கையில சொன்னதுக்கு வேற யாரு சாட்சி இருப்பா?


நாகூர்ப் புறா | ஞாயிறு, இரவு 8.00

அந்தப் பிறைக்கு வருகிறேன். நான் நாகூர்க்காரன். கொஞ்ச தூரத்தில் வேளாங்கண்ணி. இரண்டு திருவிழாவுக்கும் இரண்டு கூட்டமும் போகும். அதனால் பிறையும் சிலுவையும் ஒரே சுவரில் இருப்பது எனக்கு அதிர்ச்சி தரவில்லை. ஆனால் அந்தக் கல்லில் இரண்டுக்கும் ஒரே எடை இல்லை, அதைக் கவனியுங்கள். சிலுவை தனிப் பளிங்கு, வெள்ளை, வாசலுக்கு நேர் மேலே, முழு உருவச் சிற்பம். பிறையும் நட்சத்திரமும் சுவரின் மேல்விளிம்பில் ஓடும் கரை. ஒன்று விசுவாசம், மற்றது புடவைக் கரை மாதிரி அலங்காரம். ஐசபெல் குழம்பவில்லை. எதை எங்கே வைக்க வேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான். மக்கா போன மனிதருக்குக் கரைதான் மிச்சம். ஆனால் அவரும் வேடமிட்டுத்தானே போனார்!


குன்னூர் பஸ் | திங்கள், காலை 7.30

எல்லோரும் சிரியாவுக்குப் போய்விட்டீர்கள், நான் நீலகிரிக்கு இழுக்கிறேன். பர்ட்டன் இளவயதில் எங்கள் ஊட்டிக்கு வந்தவர். 1847ல் சிந்துவில் உடம்பு கெட்டு மருத்துவ விடுப்பில் கிளம்பி, கோவா, கள்ளிக்கோட்டை வழியாக மலையேறினார். இங்கே கண்வலி வேறு. அந்தப் பயணத்தை 1851ல் புத்தகமாகவும் போட்டார். ஊட்டி வெள்ளைக்காரச் சமூகத்தை அதில் நக்கலடித்துத் தள்ளியிருக்கிறார். குளிரும் மழையும் சலிப்பும் அவருக்குத் தாங்கவில்லை.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் அப்போதே நின்றது, 1829ல் கட்டத் தொடங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு அரண்மனை மரத்தைக் கொண்டுவந்து உத்திரம் போட்டார்கள். அதன் பின்னால் சரிவில் இருக்கும் கல்லறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பாசி ஏறி, எழுத்து மங்கி. மழைநாளில் அங்கே நின்றால் இங்கிலாந்துதான். ஊட்டி மழையில் சலித்தவரைக் கடைசியில் லண்டன் மழையில் கூடாரம் அடித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.


சுண்ணாம்புச் சட்டி | திங்கள், மதியம் 12.50

பழைய கட்டடப் பராமரிப்பு என் தொழில். மழை என்றதும் கை பரபரக்கிறது.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு மூன்று எதிரி. முதலாவது, அந்த அழகான கூரை. துணிபோலத் தொய்ந்து வளைந்த கூரையைக் கல்லில் செய்தால் ஒவ்வொரு மூட்டும் சாய்வாக மழையைப் பார்த்துத் திறந்திருக்கும். சாந்து கொஞ்சம் உதிர்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே. துணிக் கூடாரம் நனைந்தால் வெயிலில் காய்ந்துவிடும். கல் கூடாரம் நனைந்தால் ஈரத்தை வருடக்கணக்கில் மடியில் வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு எவனாவது சிமென்ட்டை அள்ளி மூட்டில் அப்பினால் இன்னும் கேடு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, பக்கத்துக் கல்லின் விளிம்பு உதிர ஆரம்பிக்கும். சுண்ணாம்புச் சாந்துதான் மூச்சு விடும்.

இரண்டாவது, பளிங்கு. நல்ல நாளிலேயே பளிங்கு அமிலத்துக்கு ஆகாது. லண்டனில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி, பக்கத்திலேயே நீராவி ரயில். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து பளிங்கின் மேல்தோலை ஜிப்சமாக மாற்றிவிடும். தொட்டால் சர்க்கரை மாதிரி உதிரும். முகத்தின் மூக்கும் விரல்நுனியும் முதலில் போகும். அதே புகையில் பக்கத்து மணற்கல் அழுக்கேறிக் கறுக்கும், ஆனால் வடிவம் நிற்கும். உளிச்சத்தம் ஐயா சொன்ன அடங்காத கல்லின் பலன் அது.

மூன்றாவது, உள்ளே மறைந்திருக்கும் இரும்பு. அந்தக் காலக் கட்டடங்களில் கல்லோடு கல்லைக் கவ்வ இரும்புக் கவ்வி போடுவது வழக்கம். துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், கல்லைப் பிளந்துவிடும். இதில் எவ்வளவு இரும்பு என்று திறந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கூடாரத்துக்கு 1975ல் ஒருமுறை பெரிய பழுதுபார்ப்பு நடந்தது, 2012-13ல் இன்னொரு முறை. அதனால்தான் மழைக்கோட்டுக்காரர் இவ்வளவு சுத்தமாகப் பார்க்க முடிந்தது. இங்கிலாந்து அரசின் பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் பட்டியலிலும் இரண்டாம் தர நட்சத்திரப் பிரிவில் இருக்கிறது, சாதாரண இரண்டாம் தரத்துக்கு மேல்.


பாலைவனக் கணக்கர் | திங்கள், மாலை 6.15

உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே?


மழைக்கோட்டுக்காரன் | திங்கள், இரவு 9.05

என் கண்ணால் பார்த்தது என்றால் என் முகம்தான். படித்ததையும் படங்களில் பார்த்ததையும் சொல்கிறேன். இரண்டு சவப்பெட்டி. அவருடையது உலோகத்தில் பொன்முலாம், வேலைப்பாடு நிறைந்தது. ஐசபெல்லுடையது மரம், எளிமையானது. ஒரு சின்னப் பீடம், தொங்கும் அரபு விளக்குகள், சாமி படங்கள், காய்ந்துபோன மாலைகள். கூரையிலிருந்து ஒட்டக மணிச் சரங்கள். கதவு திறக்கும்போது மணிகள் கிணுகிணுக்கும்படி மின்கலம் வைத்து இணைத்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். 1890களில் மின்கலத்தில் ஒட்டக மணி! ஐசபெல் மார்ட்லேக்கிலேயே கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு குடிலும் எடுத்து வைத்திருந்தார். வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

இப்போது கதவை நிரந்தரமாக மூடிவிட்டார்கள், உள்ளே யாரோ புகுந்து சேதம் செய்த பிறகு. மணிக்கு வேலை இல்லை. சுவருக்கு அந்தப்புறம் ரயில் போகும்போது தரை லேசாய் அதிர்கிறது. அப்போது உள்ளே ஏதாவது அசையுமா என்று காது வைத்துக் கேட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.


சும்மா ஒருவன் | திங்கள், இரவு 9.30

சரி, ஷாமியானாவை வாபஸ் வாங்குறேன். கையெழுத்துப் பிரதி விஷயத்துல மட்டும் வாபஸ் இல்லை.


முல்லைக்கொடி | திங்கள், இரவு 9.34

அதுல நானும் உங்க கட்சிதான் தம்பி.


உளிச்சத்தம் | செவ்வாய், காலை 5.50

மழைக்கோட்டுத் தம்பி, அடுத்த தடவை போனால் எனக்காக ஒரு வேலை. நான்கு மூலையில் ஒன்றைப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்புங்கள். நேரான சுவரில் மடிப்பு வெட்டுவது வேறு, மூலையில் அதைத் திருப்புவது வேறு. மூலைக்கல்லை வெட்டியவன்தான் அந்தக் கூட்டத்தில் மூத்த கை. எல்லாப் பட்டறையிலும் அந்தக் கல்லை யாருக்குக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதற்காகப் பத்து வருஷம் காத்திருந்தவன். ஐசபெல் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது, கவிஞர் பெயரும் இருக்கிறது. அந்தக் கையை நான் மூலையில்தான் பார்க்க முடியும்.

ஏணி ஏறுவதானால் ஒரு கறுப்புத் துணி கொண்டுபோய்த் தலையையும் கண்ணாடியையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டூடியோக்காரர் மாதிரி. அப்போது உங்கள் முகம் விலகும்.


மழைக்கோட்டுக்காரன் | செவ்வாய், காலை 8.20

வரும் சனிக்கிழமை மழை இல்லையாம். துணி எடுத்து வைத்துவிட்டேன், ஐயா. நான்கு மூலையையும் எடுக்கிறேன்.